குத்துச்சண்டைப் பட்டப் போட்டியைக் கணிப்பது எப்படி? ஒரு கொத்துரொட்டிப் பந்தயக்காரனின் கொப்பியிலிருந்து

2019 ஜூன் 2, ஞாயிறு காலை. வெள்ளவத்தையில் நண்பன் வீட்டு ஹோலில் ஐந்து பேர் பிளேன்ரீயோடு டிவிக்கு முன்னால் இருந்தோம். நியூயோர்க்கில் அப்போது சனி இரவு. மாற்று ஆளாக வந்த அன்டி ரூயிஸ் தொப்பையோடு ரிங்குக்குள் ஏறியதைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது. உலகச் சம்பியன் அந்தனி ஜோஷுவா தோற்றால் எல்லாருக்கும் கொத்துரொட்டி என் செலவு என்று வாயை விட்டேன். 3ஆவது ரவுண்டில் முதலில் விழுந்தது ரூயிஸ்தான். எழும்பினார், அதே ரவுண்டில் ஜோஷுவாவை இரண்டு தரம் விழுத்தினார், 7ஆவதில் இன்னும் இரண்டு தரம், ரெஃப்ரி நிறுத்திவிட்டார். கொத்துக்குப் போன காசு பரவாயில்லை, "நீ வயித்தைத்தான் பாத்தாய் மச்சான், கையைப் பாக்கேல்லை" என்று ஒருவன் சொன்னதுதான் உறைத்தது.

அன்றிலிருந்து ஒரு சி.ஆர். கொப்பி வைத்திருக்கிறேன். அதில் எப்படி எழுதுகிறேன் என்பதைப் புதிதாக வருகிறவர்களுக்காக இங்கே சொல்கிறேன்.

முதலில் ஆட்டத்தின் நீளத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

ஸ்டப்ஸ் ஷீல்ட் மாதிரியான பாடசாலைப் போட்டிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள். அங்கே சில ரவுண்டுகளில் கதை முடிந்துவிடும், வேகமாகத் தொடங்குகிறவருக்கே வாய்ப்பு அதிகம். தொழில்முறை உலகப் பட்டப் போட்டி என்றால் ஆண்களுக்கு 12 ரவுண்ட், ஒவ்வொன்றும் 3 நிமிடம், நடுவில் 1 நிமிட ஓய்வு. முழுதாகப் போனால் 36 நிமிட அடிதடி. 4ஆவது ரவுண்டில் புலியாக இருப்பவர் 10ஆவதில் வாயைத் திறந்து மூச்சு வாங்குவார்.

புள்ளி முறை லேசானது. ரவுண்டை வென்றவருக்கு 10, மற்றவருக்கு 9. ஒரு தரம் விழுந்தால் பெரும்பாலும் 10-8. ரிங்குக்கு வெளியே இருக்கும் மூன்று நடுவர்கள் தனித்தனியாகப் போடுவார்கள், இரண்டு பேர் ஒரே ஆளைச் சொன்னால் அவருக்கே வெற்றி.

பழைய சண்டைகளைச் சத்தம் இல்லாமல் பாருங்கள்

ஒவ்வொருவரின் கடைசி மூன்று சண்டைகள் போதும். வர்ணனையாளரின் குரலை அணைத்துவிடுங்கள், அவர் ஒருவர் பக்கம் சாய்ந்தால் நீங்களும் கூடவே சாய்வீர்கள். கொப்பியில் நான் எழுதுவது இவ்வளவுதான்: அடி வாங்கிய பிறகு என்ன செய்கிறார், கடைசி ரவுண்டுகளில் கால் நகர்கிறதா, இடக்கை ஆட்டக்காரரை எதிர்கொண்டிருக்கிறாரா, யாரை அடித்து அந்தச் சாதனைப் பட்டியலை நிரப்பினார். 30 வெற்றி, தோல்வி இல்லை என்று போட்டிருக்கும், உள்ளே பார்த்தால் பாதிப் பேர் ஓய்வு பெறும் வயதில் வந்தவர்கள்.

உயரம், எடை, முகம், வாய்ப்பேச்சு எல்லாம் கண்ணை ஏமாற்றும். 2024 மே மாதம் ரியாத்தில் டைசன் ஃபியூரிக்குப் பக்கத்தில் ஒலெக்சாண்டர் உசிக் சின்னப் பையன் மாதிரி நின்றார், ஃபியூரி 6 அடி 9 அங்குலம், இவர் 6 அடி 3. ஆனால் 9ஆவது ரவுண்டில் ரிங்கைச் சுற்றித் தள்ளாடியது ஃபியூரிதான். உசிக் இரண்டுக்கு ஒன்று என்ற நடுவர் கணக்கில் வென்றார். அதே ஆண்டு டிசம்பரில் மறுபடி மோதினார்கள், மூன்று நடுவர்களும் 116-112 என்று உசிக்குக்கே கொடுத்தார்கள்.

ஒட்ஸைப் பார்க்க முன்பே உங்கள் எண்ணை எழுதுங்கள்

என்னைக் கேட்டால் இதுதான் முழு விஷயமும். "இவர் வெல்வார்" என்று எழுதாதீர்கள், சதவீதமாக எழுதுங்கள். ரிங்கில் ஒருவருக்குச் சிவப்பு மூலை, மற்றவருக்கு நீல மூலை. சிவப்பு மூலைக்காரருக்கு 65, நீலத்துக்கு 30, சமநிலைக்கு 5, கூட்டினால் 100. ஒட்ஸ் என்பது 1 ரூபாய் கட்டி வென்றால் புக்கி (பந்தயம் பிடிப்பவர்) மொத்தமாகத் திருப்பித் தரும் தொகை. அதைப் பார்த்துவிட்டு எழுதினால் அது உங்கள் கணிப்பு இல்லை, புக்கியின் கணிப்பைப் பிரதி பண்ணுகிறீர்கள்.

சரி, இப்போது ஒட்ஸைத் திறவுங்கள். சிவப்பு 1.25, நீலம் 4.50, சமநிலை 17 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 1ஐ அந்த எண்ணால் வகுத்தால் புக்கி நினைக்கும் வாய்ப்பு வரும்: 80, 22.2, 5.9. கூட்டிப் பாருங்கள், 100 வராது, 108 வரும். அந்த மேலதிக 8தான் புக்கி கடை நடத்தும் காசு.

அடுத்து உங்கள் சதவீதத்தை ஒட்ஸால் பெருக்குங்கள். சிவப்பு 0.65 × 1.25, அதாவது 0.81. நூறு ரூபாய் கட்டினால் நீண்ட ஓட்டத்தில் 81தான் திரும்பும். நீலம் 0.30 × 4.50, 1.35. சிவப்புதான் வெல்லும் என்று நீங்களே நம்புகிறீர்கள், ஆனால் கணக்குப்படி கட்ட வேண்டியது நீலத்தில். பெருக்கி வருவது 1க்குக் கீழே என்றால் தொடாதீர்கள். பலருக்கு இது தலைக்குள் ஏறாது, எனக்கே இரண்டு வருடம் பிடித்தது. (உங்கள் 30 பிழையென்றால் இந்தக் கணக்கும் பிழை. அதனால்தான் கொப்பி.)

சதவீதம் குறைவு என்றால் நடக்கவே நடக்காது என்று அர்த்தமில்லை. 1990 பெப்ரவரியில் தோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ், தோல்வியே அறியாத மைக் டைசனை 10ஆவது ரவுண்டில் வீழ்த்தினார். லாஸ் வேகாஸ் மிராஜ் கசினோவில் அவருக்கு இருந்த ஒட்ஸ் 42க்கு 1, அதாவது 1 கட்டினால் 42 இலாபம், கட்டிய 1உம் சேர்த்து 43 திரும்பும். 1ஐ 43ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2.3 சதவீதம்.

எதற்குக் கட்டுகிறீர்கள் என்று வாசியுங்கள்

2017 செப்டெம்பரில் கனெலோ அல்வாரெஸும் ஜெனாடி கோலோவ்கினும் மோதினார்கள். பார்த்தவர்களில் நிறையப் பேர் கோலோவ்கின் வென்றார் என்றார்கள், நானும் அந்தப் பக்கம். நடுவர்களில் ஒருவர் கோலோவ்கினுக்கு 115-113, ஒருவர் 114-114, மற்றவர் கனெலோவுக்கு 118-110. அந்த 118-110ஐ இன்றைக்கும் ஜீரணிக்க முடியவில்லை. கடைசியில் சமநிலை. சமநிலையும் ஒரு தெரிவாக இருந்த பந்தயத்தில் கோலோவ்கினுக்குக் கட்டியவரின் காசு போனது. சமநிலை வந்தால் காசைத் திருப்பித் தரும் பந்தயமும் உண்டு, ஒட்ஸ் கொஞ்சம் குறைவாக இருக்கும். எந்த வகை என்று கட்ட முன் பாருங்கள்.

நெருக்கமான சண்டையில் பெரிய பெயருக்கே ரவுண்டுகள் சாயும், அதையும் சதவீதத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், சண்டை "9.5 ரவுண்டுக்கு மேல்" போகும் என்று கட்டினால் 10ஆவது ரவுண்டின் 1 நிமிடம் 30 விநாடியைத் தாண்ட வேண்டும். நொக்அவுட் பந்தயத்தில் ரெஃப்ரி நிறுத்துவதும் சேரும், மூலையிலேயே இருந்து எழும்பாமல் விடுவதும் பெரும்பாலும் சேரும்.

எடை பார்க்கும் நாள்

வழக்கமாக முதல்நாள் நடக்கும். இறாத்தல் கணக்கில் சொல்வார்கள் (நமக்கு இறாத்தல் என்றால் பாண்தான் ஞாபகம் வரும்). ரூயிஸ் முதல் சண்டைக்கு 268 இறாத்தல், 2019 டிசம்பரில் மறுபோட்டிக்கு 283. இந்தத் தரம் வயிற்றைப் பார்த்தது சரியாக இருந்தது: ஜோஷுவா 237க்கு இறங்கி வந்து, 12 ரவுண்டும் ஓடி ஓடிக் குத்திப் புள்ளிகளில் வென்றார். எடையை மட்டும் தனியாகப் பார்க்காதீர்கள், போன சண்டையிலிருந்து எவ்வளவு மாறியது என்று பாருங்கள்.

காசு

கொழும்பில் ரேஸ் புக்கி தெரியாதவர் குறைவு, இங்கிலாந்துக் குதிரைக்குக் கட்டிக் கட்டிச் சம்பளத்தைத் தொலைத்த மாமா ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். நான் நண்பர்களோடு கொத்துக்கு மேல் போவதில்லை. நீங்கள் காசுக்குத்தான் கட்டுவீர்கள் என்றால் வயதும் சட்டமும் அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டு, போனால் போகட்டும் என்ற தொகையை முதலே ஒதுக்குங்கள். தோற்றதை அடுத்த சண்டையில் மீட்கிறேன் என்று இரட்டிப்பாகக் கட்டத் தொடங்கினால் கொப்பியை மூடிவிட்டு எழும்புங்கள். கடன் வாங்கி ஒருபோதும் வேண்டாம்.

பார்க்கும்போதும் எழுதுங்கள்

ஒவ்வொரு ரவுண்டும் முடிய, நடுவர்கள் போடுவதுபோல நீங்களும் 10-9 போடுங்கள். முடிவு வந்ததும் பக்கத்தில் எழுதுங்கள், எந்த நடுவரோடு எவ்வளவு வித்தியாசம் என்று. நான் கோலோவ்கின் சண்டையைப் பிறகு சத்தத்தை அணைத்து மறுபடி பார்த்தேன், முதல் தரம் கோலோவ்கினுக்குக் கொடுத்த இரண்டு ரவுண்டுகள் கனெலோவிடம் போய்விட்டன.

நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். லாஸ் வேகாஸ் சண்டை என்றால் நமக்கு ஞாயிறு காலை, லண்டன், ரியாத் என்றால் விடிய முன் 2, 3 மணி. வேகாஸ் என்றால் பாணை சனி பின்னேரமே வாங்கி வையுங்கள், ஞாயிறு காலை கடைக்குப் போய் வர 5ஆவது ரவுண்ட் முடிந்திருக்கும்.