அட்டைத் தறியில் அதிகாரப் பாடம்

சமூகத்தை நெய்த துணிக்கு ஒப்பிட்டுப் பேசினால் மட்டும் மாணவர்களுக்கு எதுவும் பிடிபடாது. ஆளுக்கொரு தறியைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

20 × 25 செ.மீ. கெட்டி அட்டையின் குறுகிய பக்கங்கள் இரண்டிலும் 1 செ.மீ. இடைவெளியில் 19 வெட்டுகள் போடுங்கள். முறுக்கேறிய பருத்தி நூலை மேலும் கீழுமாகக் கட்டினால் பாவு தயார். பாதிப் பேர் ஒரே நூலாக ஓட்டட்டும்; மீதிப் பேர் ஒவ்வோர் இழையையும் தனியாக முடியட்டும். சுண்டினால் இழை அதிர வேண்டும். அட்டை வளைந்தால் இழுப்பு அதிகம். பாவுக்குக் குறுக்கே ஓடும் ஊடைக்குக் கம்பளி நூல், மழுங்கிய பெரிய ஊசி. அடித்து இறுக்க முள்கரண்டி.

ஒற்றைப்படை இழைகளுக்கு அடியில் அளவுகோலைச் செருகி நிமிர்த்துங்கள். அத்தனையும் ஒருசேர எழும், ஊசி தடையின்றி ஓடும். திரும்பும்போது அளவுகோலைப் படுக்கவைத்து, இரட்டைப்படை இழைகளை ஒவ்வொன்றாகத் தூக்க வேண்டும். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். எல்லாம் ஒரே நூல், ஒரே முறுக்கு. பிறகு ஏன் ஒரு வரிசை மட்டும் சுலபமாக எழுகிறது? அளவுகோலைச் செருகியது யார்? அதிகாரம் இருப்பது அந்தத் தூக்கும் ஏற்பாட்டில். காஞ்சிபுரம் பட்டுத்தறியில் அது நெசவாளரின் தலைக்கு மேலே இருக்கிறது: எந்த இழை எழ வேண்டும் என்பதை ஜக்கார்டு பெட்டியின் துளையட்டைகள் தீர்மானிக்கின்றன.

ஐந்தாறு வரிசையில் துணி இடுப்பு ஒடுங்கும். ஊடையை இறுக்கி இழுத்ததே காரணம். 3 செ.மீ. உயரத்துக்கு வில்லாக வளைத்துப் போட்டு, பிறகு அடியுங்கள். முதலில் உள்ளே இழுபடுவது ஓரத்து இழைதான் என்பதைக் காட்டத் தவறாதீர்கள்.

4 செ.மீ. நெய்து அழுத்தி அடித்ததும் பாவு மறைந்துவிடும். இழுப்பு முழுவதையும் தாங்குவது அதுதான்; கண்ணில் படுவதோ கம்பளியின் நிறம். ஊரில் இப்படித் தாங்குபவர்கள் யார் என்று பட்டியல் எழுதச் சொல்லுங்கள்.

ஓர் எச்சரிக்கை. ‘அவரவர் இடத்தில் இருந்தால்தான் துணி நிற்கும்’ என்று யாராவது சொல்வார்கள். சாதிப் படிநிலைக்கு நியாயம் சொல்லும் அதே வாதம் இது. நூலுக்கு விருப்பம் கிடையாது, மனிதருக்கு உண்டு. உவமை அங்கே முறிகிறது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

கடைசியில், நெய்யாத பகுதியில் நடு இழையை வெட்டுங்கள். தனியாக முடிந்த தறியில் அது மட்டும் தொங்கும். ஒரே நூலாக ஓட்டியதில் பக்கத்து இழையும் தளரும். தளர்ந்த இழையை முதலில் இறுக்கி, பின்புறம் டேப்பால் ஒட்டுங்கள். புது நூலை அறுந்த இழையின் தடத்திலேயே நெய்த பகுதிக்குள் 3 செ.மீ. செருகி, மேல் வெட்டில் முடியுங்கள். 1 செ.மீ. மட்டும் செருகினால் அடுத்த அடியிலேயே உருவிக்கொண்டு வரும்.