எம்ஜிபி கிளம்ப மறுத்தால்

இந்தப் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் சாவியை ஒரு படி மட்டும் திருப்பி, காதைத் தீட்டுங்கள். பின்பக்கமிருந்து எஸ்யூ கம்பெனியின் மின்சார பெட்ரோல் பம்ப் டிக் டிக்கென்று அடித்து அடங்க வேண்டும். சத்தமே இல்லையா? எர்த் ஒயரைப் பாருங்கள், அப்புறம் ஸ்க்ரூடிரைவர் பிடியால் பம்பை மெல்லத் தட்டுங்கள். உள்ளே பாயிண்ட் (தொட்டும் விலகியும் மின்சாரத்தை விட்டு நிறுத்தும் முனை) கருகியிருந்தால் இந்தத் தட்டலில் ஓடும். ஆனால் வீடுவரைக்கும்தான் நான் நம்புவேன். நிற்காமல் அடித்தால் டேங்க் காலி, இல்லை எங்கோ கசிவு. உடனே சுவிட்சை அணைத்துவிட்டு மோந்து பாருங்கள்.

பம்ப் சரியென்றால், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றுங்கள். அதற்குள் இருக்கும் பாயிண்ட் இடைவெளி 0.015 அங்குலம் இருக்க வேண்டும். பாயிண்டுக்குப் பதிலாக எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டச் சொல்வார்கள், எனக்குப் பிடிக்காது. பாயிண்டை ரோட்டோரத்திலேயே உப்புத்தாளால் தேய்த்துவிடலாமே!

ஸ்டார்ட்டரே சுற்றவில்லையா? பழைய மாடல்களில் இருக்கைக்குப் பின்னால், தரைக்கடியில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள். அவற்றை இணைக்கும் கேபிள் முனைகளைச் சுரண்டி இறுக்குங்கள்.