காலையில் வெள்ளைப்புகை, ஏற்காடு மலையில் கரும்புகை

டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் பாகம்) இல்லாத நாலு சிலிண்டர் டீசல் ஜீப் என்னுடையது. காலை ஸ்டார்ட்டில் கண் எரிக்கும் வெள்ளைப்புகை, ஐடிலில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் ஓடும்போது) உதறல். அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவும் ஏறினால் கரும்புகை. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம்; காற்றின் அடர்த்தி ஏழில் ஒரு பங்கு குறைவு. அதனால் டீசல் எரியக் காற்று பற்றாமல் லேசான கரும்புகை வருவது சகஜம்தான். பின்னால் வருபவர் ஹாரன் அடிக்கும் அளவுக்கு வந்தால் ஏர் ஃபில்டரைத் திறங்கள். எனக்கு அது அடைத்துக் கிடந்தது; புதுசு போட்டதும் பாதிப் புகை போனது.

உதறலுக்கு உடனே டீசல் பம்ப்பைக் கழற்றச் சொல்வார்கள். வேண்டாம். ஐடிலில் ஒவ்வொரு இன்ஜெக்டர் (சிலிண்டருக்குள் டீசல் பீச்சும் பாகம்) பைப் நட்டாக 17 ஸ்பேனரால் அரைச் சுற்று தளர்த்தி, திரும்ப இறுக்குங்கள். மேலே துணி போடுங்கள், கையைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். பீச்சும் டீசல் தோலைத் துளைத்துவிடும். நல்ல சிலிண்டரைத் தளர்த்தினால் ஓட்டம் இன்னும் மோசமாகும். என் ஜீப்பில் மூன்றாவதில் ஒரு மாற்றமும் இல்லை; கோளாறு அங்கேதான்.

அந்த இன்ஜெக்டரைக் கழற்றி டெஸ்டரில் மாட்டிப் பார்த்தோம். பனிப்புகை மாதிரி தூவ வேண்டிய நாசில் (இன்ஜெக்டரின் முனை), நுனியில் சொட்டு கட்டித் தொங்கியது. எரியாத அந்த டீசல்தான் வெள்ளைப்புகை. நாசில் மாற்றி, மேனுவல் சொல்லும் பிரஷருக்கு ஷிம் (மெல்லிய தகடு) வைத்தாயிற்று. பழைய செப்பு வாஷர் இன்ஜெக்டர் உட்காரும் குழிக்குள்ளேயே ஒட்டியிருக்கும். எடுக்காமல் புதுசு போட்டால் நாசில் உயரம் மாறி, மறுபடி புகைதான்.

கடைசியில் ஹேண்ட் பிரைமர் (கையால் அடிக்கும் டீசல் பம்ப்) அடித்து, குமிழி நிற்கும்வரை டீசல் லைனில் புகுந்த ஏரை எடுங்கள்.