'லைன்' என்றால் கோடு மட்டும்தானா? ஆங்கிலம் கற்கத் தொடங்குவோருக்கு

லைன் என்றால் கோடு என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருப்போம். கோலாலம்பூரில் அது மட்டும் போதாது. மஸ்ஜிட் ஜாமெக் நிலையத்தில் அம்பாங் லைனிலிருந்து கிளானா ஜெயா லைனுக்கு மாறினால் அது ரயில் தடம். கூட வந்தவர் கைப்பேசியைப் பார்த்து "லைன் இல்லை" என்றால் அலைவரிசை கிடைக்கவில்லை. (இது நம் ஊர்ப் பேச்சு. தேர்வில் சிக்னல், கவரேஜ் என்றே எழுதுங்கள்.)

முதல் படி: வேரைப் பிடியுங்கள். லத்தீனில் 'லீனியா' என்பது ஆளிச்செடி நாரில் திரித்த நூல். லினன் துணியும் அதே குடும்பம்தான். நூல்போல் நீண்டிருப்பதால் துணி காயப்போடும் கொடியும் தூண்டில் நரம்பும் லைன். இரண்டு இடங்களை இணைப்பதால் தொலைபேசித் தொடர்பும் லைன். ஒன்றையடுத்து ஒன்றாக வருவதால் வரிசை, கவிதை வரி, நடிகரின் வசனம் எல்லாமே லைன். ரப்பர் தோட்டங்களில் வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகளை ஆங்கிலேயர் 'லைன்ஸ்' என்றார்கள். நம் தாத்தா பாட்டி அதை லயம் ஆக்கிவிட்டார்கள்.

இரண்டாம் படி: முன்னும் பின்னும் நிற்கும் சின்னச் சொற்களைப் பாருங்கள். பலரும் தடுமாறுவது இங்கேதான். 'இன் லைன்' என்றால் வரிசையில். ஆனால் இது அமெரிக்க வழக்கு. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் 'கியூ' என்பார்கள், நம் பள்ளிகளிலும் அதுதான். பின்னால் 'வித்' சேர்ந்து 'இன் லைன் வித்' ஆனால் வரிசை காணாமல் போய், 'அதற்கு ஏற்ப' என்று பொருள் வரும். அலுவலகக் கடிதங்களுக்கு இது ரொம்பப் பிடித்த தொடர். 'அவுட் ஆஃப் லைன்' என்றால் வரம்பு மீறிய பேச்சு அல்லது நடத்தை.

மூன்றாம் படி: வினைச்சொல். 'ஹோல்ட் தி லைன்' என்று தொலைபேசியில் சொன்னால், வைத்துவிடாமல் காத்திருங்கள். 'டிராப் மீ எ லைன்' என்றால் நாலு வரி எழுதிப் போடு என்று அர்த்தம். எதையும் கீழே போட வேண்டாம். 'டிரா தி லைன்' என்றால் இதற்கு மேல் முடியாது என்று எல்லை வகுப்பது.

அப்புறம் அகராதி. பொருளைப் படிக்கும் முன் எடுத்துக்காட்டு வாக்கியத்தைப் படியுங்கள்.

சரி, ஒரு பயிற்சி. 'ஷி இஸ் ஆன் தி லைன்', 'ஹிஸ் ஜாப் இஸ் ஆன் தி லைன்'. எழுவாயைக் கவனியுங்கள். முதலாவதில் தொலைபேசியில் ஒரு பெண் இருக்கிறார். இரண்டாவதில் ஒருவருடைய வேலையே போகலாம் என்ற நிலை.