புதிய மேட்ச் ஏர் ரைஃபிளில் ட்ரிக்கர் கனமாக இருந்தால் எங்கே பார்ப்பது, எதை முதலில் தொடுவது

10 மீட்டர் துப்பாக்கி சுடும் போட்டிக்காகப் புதிதாக வாங்கிய மேட்ச் ஏர் ரைஃபிளை முதன்முதலாகத் தோளில் வைத்துச் சுட்டுப் பார்ப்பவர்களில் பலரும் சொல்லும் குறை, ட்ரிக்கர் கனமாக இருக்கிறது என்பதுதான். பயிற்சிக்காக இரவல் வாங்கிச் சுட்ட பழைய ரைஃபிளில் விரல் பட்டதும் விடுபட்ட ட்ரிக்கர், வீட்டுச் சேமிப்பைக் கரைத்து வாங்கிய புதியதில் இழுத்தும் வராமல் நின்றால் மனம் வாடத்தான் செய்யும். குறையும் சிறியதன்று. இந்தப் போட்டியின் இலக்கில் பத்துக்குரிய புள்ளியின் குறுக்களவு 0.5 மில்லிமீட்டர், அதைத் தேடிச் செல்லும் பெல்லட் என்னும் சிறு குண்டின் குறுக்களவோ 4.5 மில்லிமீட்டர். விரல் கடைசி நொடியில் சற்று அதிகமாக அழுத்தினாலும் குழல் அசையும், பத்து ஒன்பதாகும். போட்டியின் 60 குண்டுகளிலும் அதே அழுத்தம் தொடர்ந்தால் கை தளர்ந்துவிடும். ஆனாலும் உடனே ஆலன் கீயை எடுத்துக் கண்ணில் பட்ட ஸ்க்ரூவைத் திருப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மேட்ச் ட்ரிக்கரில் நான்கைந்து ஸ்க்ரூக்கள் ஒன்றையொன்று சார்ந்து நிற்கின்றன. காரணம் தெரியாமல் ஒன்றைத் திருப்பினால் மற்றவற்றின் அமைப்பும் கலைந்துவிடும்.

வேலையைத் தொடங்குமுன் குழலில் பெல்லட் இல்லை என்பதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்து, போல்ட்டைத் திறந்து, சேஃப்டி கயிற்றைக் குழல் நீளத்துக்கும் நுழைத்து வெளியே எடுத்துப் பாருங்கள். பெல்லட் டப்பாவை அந்த அறையிலேயே வைக்காதீர்கள். பெரும்பாலான மேட்ச் ஏர் ரைஃபிள்களில் காற்று செலவாகாமல் ட்ரிக்கரை மட்டும் இயக்கிப் பயிலும் ட்ரை ஃபயர் வசதி இருக்கிறது; கீழே சொல்லும் சோதனைகள் எல்லாவற்றையும் அந்த நிலையில் வைத்தே செய்யுங்கள். ரைஃபிளோடு வந்த கையேட்டை எதிரில் விரித்து வைத்துக்கொள்வதும் அவசியம், ஏனெனில் எந்த ஸ்க்ரூ எதற்கு, எந்தப் பக்கம் திருப்பினால் கூடும், எந்தப் பக்கம் குறையும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம், சில சமயம் மாடலுக்கு மாடல்கூட மாறும்.

முதல் வேலை அளப்பது. டிஜிட்டல் ட்ரிக்கர் கேஜ் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் வீட்டிலேயே நம்பகமாக அளக்கலாம். ஒரு சிறிய பிளாஸ்டிக் கப்பில் கம்பிக் கொக்கி கட்டி, கொக்கியோடு சேர்த்துச் சமையலறை டிஜிட்டல் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். ரைஃபிளைக் குழல் மேல்நோக்கி நிற்கும்படி ஒருவர் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும்; மற்றவர் நீங்கள் விரல் வைக்கும் அதே இடத்தில் கொக்கியை மாட்ட வேண்டும். மேட்ச் ரைஃபிளில் ட்ரிக்கருக்கு நேர் பின்னால் கைப்பிடி நிற்பதால், கம்பி அதில் உரசாதபடி சற்று வெளியே வளைத்துக்கொள்வது முக்கியம். அந்த உரசலே அளவில் பல கிராம்களைக் கூட்டிக் காட்டிவிடும். பிறகு மருந்துக் கடையில் கிடைக்கும் 10 மில்லி சிரிஞ்சால் கப்பில் தண்ணீரைச் சிறிது சிறிதாக விடுங்கள். ஒரு மில்லி தண்ணீர் ஒரு கிராம். பிளேடு, அதாவது ட்ரிக்கரில் விரல் படும் பகுதி, நகர்ந்து ஓரிடத்தில் முட்டி நிற்கும்போது உள்ள எடை முதல் கட்டம்; மேலும் நீர் சேர்க்கச் சேர்க்க டக்கென்று விடுபடும்போது உள்ளது மொத்த எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே இரண்டாம் கட்டம். ஒரு முறை அளந்து நிறுத்திவிடாதீர்கள். பத்து முறை அளந்து பத்தையும் எழுதுங்கள்.

அந்தப் பத்து எண்கள் உங்களுக்குச் சொல்வது நிறைய. மேட்ச் ஏர் ரைஃபிள்கள் பொதுவாக 100 கிராமை ஒட்டிய எடையில்தான் சுடப்படுகின்றன. உங்கள் அளவுகள் எல்லாம் ஒன்றுக்கொன்று நெருக்கமாக, ஆனால் உயர்வாக இருந்தால், ட்ரிக்கர் நன்றாகவே இருக்கிறது, எடை ஸ்பிரிங் மட்டும் இறுக்கமாக வைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். கையேட்டின்படி எடை ஸ்க்ரூவைக் கால் சுற்று, கால் சுற்றாகத் தளர்த்தி, ஒவ்வொரு முறையும் அளந்தால் வேலை முடிந்தது. அளவுகள் ஏறியும் இறங்கியும் தாறுமாறாக இருந்தால் ஸ்பிரிங்கைத் தொட வேண்டாம். எங்கோ ஏதோ உரசுகிறது அல்லது முட்டுகிறது. அளவு சரியாக 100 கிராம்தான், ஆனாலும் கனமாகத் தோன்றுகிறது என்றால், காரணம் விரலுக்கும் பிளேடுக்கும் இடையே இருக்கிறது.

முட்டுவது என்றவுடன் நான் முதலில் பார்ப்பது ட்ரிக்கர் ஸ்டாப் ஸ்க்ரூவைத்தான். சுடும் பொறியைப் பிடித்து வைத்திருக்கும் கொக்கிக்குச் சியர் என்று பெயர். சியர் விடுபட்ட பிறகு பிளேடு மேலும் பின்னால் ஓடாமல் தடுப்பது இதன் வேலை. இதை ஒரு மயிரிழை அதிகமாக உள்ளே திருப்பிவிட்டால், சியர் விடுபடுவதற்கு முன்பே பிளேடு ஸ்டாப்பில் போய் முட்டிக்கொள்ளும்; பிறகு விரல் இழுப்பது ஸ்பிரிங்கை அன்று, இரும்பை. எங்களிடம் பயிலும் மாணவி ஒருவரின் புதிய ரைஃபிளில் முதல் கட்டம் பத்து முறையும் 70 கிராமில் அசையாமல் நின்றது. மொத்த எடையோ ஒரு முறை 180, அடுத்த முறை 310, அதற்கடுத்த முறை 240 என்று தாவிக்கொண்டிருந்தது. பிளேடின் பின்புறத்தை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால், ஸ்டாப் ஸ்க்ரூவின் நுனி பட்ட இடத்தில் கறுப்புப் பூச்சு போய்க் கடுகளவு வெள்ளிப் பொட்டு ஒன்று மின்னியது. அரைச் சுற்று வெளியே எடுத்தோம். அதன் பிறகு அளந்த பத்தும் 103க்கும் 107க்கும் இடையில் வந்தன. அதற்கு முன் அந்தப் பெண் எடை ஸ்பிரிங்கை முழுவதும் தளர்த்திப் பார்த்திருந்தால், கனமும் போயிருக்காது, முதல் கட்டமும் கெட்டிருக்கும். ஸ்டாப்பைச் சரியாக வைக்க வேண்டுமானால், அதை நன்றாக வெளியே எடுத்துவிட்டு, ட்ரை ஃபயர் செய்துகொண்டே சிறிது சிறிதாக உள்ளே கொண்டுவாருங்கள். சியர் விடுபடாமல் நிற்கும் நிலை வந்ததும் அங்கிருந்து கால் முதல் அரைச் சுற்று வரை பின்வாங்கி நிறுத்துங்கள்.

ஸ்டாப் சரியாக இருந்தும் அளவு தாவினால் உரசலைத் தேட வேண்டும். பிளேடை இடமோ வலமோ சாய்த்து வைத்திருந்தால் அதன் ஓரம் ட்ரிக்கரைச் சுற்றியுள்ள வளையமான ட்ரிக்கர் கார்டில் உரசக்கூடும். ஒரு துண்டுக் காகிதத்தை இடையில் செலுத்தி, அது எல்லாப் பக்கமும் தடையின்றி நகர்கிறதா என்று பாருங்கள். ஸ்டாக், அதாவது ரைஃபிளின் உடற்கட்டை, மரத்தாலானது என்றால், சென்னை போன்ற கடலோர ஊர்களில் மழைக்காலத்து ஈரத்தில் மரம் சற்று உப்பி ட்ரிக்கர் பெட்டியைத் தொடுவதுண்டு. ஸ்டாக்கைக் கழற்றிவிட்டு அளந்தால் இது உடனே தெரிந்துவிடும்: கழற்றினால் சீராகவும் மாட்டினால் தாறுமாறாகவும் இருந்தால் குற்றம் ஸ்டாக்கில், அல்லது அளவுக்கு மீறி முறுக்கிய ஸ்டாக் ஸ்க்ரூவில். துருப் பிடிக்காதிருக்கப் பூசி அனுப்பப்படும் எண்ணெய் உள்ளே போய்க் கெட்டிப்பட்டிருந்தாலும் இழுவை மந்தமாகும். ட்ரிக்கருக்குள் தெளிப்பு எண்ணெய் அடிப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அன்றைக்கு வழவழப்பாக இருக்கும்; சில வாரங்களில் தூசியைச் சேர்த்துப் பசையாகிவிடும். கையேடு சொன்ன இடத்தில், சொன்ன பொருளை, சொன்ன அளவு மட்டும் இடுங்கள்.

இனி, எடை சரியாக இருந்தும் கனமாகத் தோன்றுவதைப் பார்ப்போம். இதில் பெரும்பாலும் காரணம் நெம்புகோல்தான். பிளேடு மேலே ஒரு அச்சில் தொங்குகிறது. விரல் அந்த அச்சிலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு எளிதாக இழுபடும். அச்சிலிருந்து 30 மில்லிமீட்டர் கீழே 100 கிராம் காட்டும் ட்ரிக்கர், 24 மில்லிமீட்டரில் 125 கிராம் கேட்கும். பழைய ரைஃபிளின் கைப்பிடி உங்கள் விரலைப் பிளேடின் நடுவில் கொண்டு வைத்திருக்கும். புதியதன் கைப்பிடி உயரமாக இருந்து விரலை மேலே ஏற்றிவிட்டிருக்கும். பிளேடை முன்னும் பின்னும் நகர்த்தி, விரலின் முதல் கணுவுக்கு முன்னுள்ள சதைப்பகுதி நேராக அதன் மேல் படும்படி வைத்துப் பாருங்கள். விரல் எட்டிப் பிடித்தாலோ ஸ்டாக்கில் ஒட்டி உரசினாலோ, கிராமில் தெரியாத கனம் கையில் தெரியும்.

அடுத்தது இரண்டு கட்டங்களுக்கு இடையிலான பங்கீடு. மொத்தம் 100 கிராமில் முதல் கட்டம் 30, இரண்டாம் கட்டம் 70 என்றிருந்தால், லேசாக வந்து சுவரில் முட்டியதுபோல் இருக்கும், அந்தச் சுவரைத் தள்ளும் எண்ணமே குழலை அசைக்கும். முதல் கட்டத்துக்கு 65 முதல் 70 வரை கொடுத்து, மீதியை இரண்டாவதுக்கு விடுவதையே நான் விரும்புகிறேன். குறி நிலைபெறும் நேரத்தில் பெரும்பகுதி எடையை விரல் ஏற்கெனவே தாங்கிக்கொண்டிருக்கும். வேறு பங்கீட்டில் நன்றாகச் சுடுபவர்களும் உண்டு. இரண்டாம் கட்டத்தில் பிளேடு சிறிது தூரம் இழுபட்டு நகர்ந்து பின்பு விடுபட்டால், சியர் பிடிப்பு அதிகமாக இருக்கிறது. இதைத் திருத்தலாம், ஆனால் எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் ஒரே முறையில் திருப்ப வேண்டாம்.

ஏனெனில் சியர் பிடிப்பு குறைந்துபோனால் ட்ரிக்கர் தானாகவே விடுபடும் ஆபத்து வரும். எந்தத் திருத்தம் செய்தாலும், வெற்று ரைஃபிளை ட்ரை ஃபயர் நிலையில் ஏற்றி வைத்து, போல்ட்டைச் சற்று வேகமாக மூடிப் பாருங்கள்; தரையில் ரப்பர் விரிப்பிட்டு, தோளில் படும் பின்முனையான பட்பிளேட்டை அதன் மேல் சில முறை தட்டிப் பாருங்கள். ஒரே ஒரு முறை விடுபட்டாலும் முந்தைய நிலைக்குத் திரும்பிவிடுங்கள். போட்டி விதியையும் மறக்க வேண்டாம். சர்வதேச விதிகளில் 10 மீட்டர் ஏர் ரைஃபிளுக்குக் குறைந்தபட்ச ட்ரிக்கர் எடை கிடையாது. ஆனால் 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு 500 கிராம், 300 மீட்டர் ஸ்டாண்டர்டு ரைஃபிளுக்கு 1500 கிராம் என்று வரம்பு உண்டு. வேட்டை ரைஃபிளை ஒட்டி வடிவமைத்த ஒற்றைக் கட்ட ட்ரிக்கர்களைப் பாதுகாப்புக் கருதிக் கனமாகவே வைத்து அனுப்புவார்கள். அவற்றை 100 கிராமுக்குக் கொண்டுவர முயலவே கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் சீராகவில்லை என்றால் ஸ்பிரிங்கை வெட்டுவதோ, சியரின் முனையைச் சாணைக்கல்லில் தேய்ப்பதோ தீர்வாகாது. அந்த முனைகளின் கடினமான மேற்பரப்பு மெல்லியது, தேய்த்தால் திரும்ப வராது, உத்தரவாதமும் போய்விடும். ஒவ்வொரு ஸ்க்ரூவையும் எத்தனை சுற்று திருப்பினீர்கள் என்ற குறிப்பையும், முதலில் அளந்த பத்து எண்களையும், ஸ்டாக்கோடும் ஸ்டாக் இல்லாமலும் எடுத்த அளவுகளையும் ஒரே தாளில் எழுதி, ரைஃபிளோடு சேர்த்து, துப்பாக்கி பழுதுபார்க்கும் ஆர்மரரிடம் கொடுங்கள். "ட்ரிக்கர் ஹார்டா இருக்கு" என்று வாயால் சொல்லிக் கொடுத்தால் அவரும் எல்லாவற்றையும் முதலிலிருந்தே தேட வேண்டியிருக்கும். அந்தத் தாளைப் பார்த்தால் எந்தப் பகுதியைத் திறப்பது என்பதைக் கருவியைக் கையில் எடுக்கும் முன்பே முடிவுசெய்துவிடுவார்.