முதல் செமஸ்டர் சமூகவியலுக்கு எந்தப் புத்தகம் வாங்குவது?

சிலபஸ் கையில் இல்லாமல் புத்தகக் கடைக்குப் போகாதீர்கள். நான் கல்லூரியில் அலைடு பேப்பராக, அதாவது முதன்மைப் பாடத்தோடு சேர்த்துப் படிக்கும் துணைப் பாடமாக, சமூகவியல் நடத்துகிறேன். வகுப்பில் உட்காருபவர்களில் பெரும்பாலானோர் பள்ளியில் இந்தப் பாடத்தைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள். ஐந்து யூனிட், ஒரு செமஸ்டர். அதற்கு ஆந்தனி கிடன்ஸ் எழுதிய, ஆயிரம் பக்கத்தைத் தாண்டும் 'சோஷியாலஜி' எதற்கு? அருமையான நூல்தான், நூலகத்தில் இருக்கட்டும். 250 பக்கத்துக்குள் அடங்குவதாகப் பாருங்கள். அதற்கு மேல் போனால் பாதியைத் திறக்கவே மாட்டீர்கள்.

கடையில் நின்றபடியே புத்தகத்தைச் சோதித்துவிடலாம். முதல் அத்தியாயத்தை விடுங்கள். ஆகஸ்ட் காம்ட் சமூகவியலின் தந்தை என்றுதான் எல்லாம் தொடங்கும். நேராகச் சாதி அத்தியாயத்துக்குப் போய், இந்தியச் சமூகவியலாளர் எம்.என்.சீனிவாஸ் சொன்ன 'ஆதிக்க சாதி' எங்கே வருகிறது என்று தேடுங்கள். நாலு வரியில் வரையறையைச் சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குத் தாவுகிறதா? அப்படியானால் அது பரீட்சை கைடு, அட்டை மட்டும் கெட்டி. நல்ல புத்தகம், ஆள்பலமும் நிலமும் அரசியல் செல்வாக்கும் ஒரே சாதியிடம் சேரும்போது, சடங்கு வரிசையில் அதற்கு மேலே இருப்பவர்கூட அதன் தயவை எதிர்பார்க்க வேண்டியிருப்பதை ஓர் ஊரை வைத்துக் காட்டும். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தே செய்த ஆய்வு 1965-இல் நூலாக வந்தது. பிராமணர் கையிலிருந்த அதிகாரம் எப்படி நழுவியது என்பது அதில் இருக்கிறது. அதை ஒரு பத்தியாவது எடுத்துச் சொல்லும் புத்தகம் நம் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும்.

அடுத்து, புத்தகத்தின் வயது. அட்டையில் போட்டிருக்கும் வருஷத்தை நம்ப வேண்டாம். பழைய சரக்கை மறு அச்சு போட்டுப் புது விலை ஒட்டுவது நடக்கிற காரியம்தான். ஆண்-பெண் விகிதம், அதாவது ஆயிரம் ஆண்களுக்கு எத்தனை பெண்கள் என்கிற கணக்கு, வரும் பக்கத்தைப் புரட்டுங்கள். இந்தியாவுக்கு 933 என்றிருந்தால் அது 2001 கணக்கு. 943 என்றால் 2011. '2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி' என்று ஏதாவது எழுதியிருந்தால் உடனே மூடி வைத்துவிடுங்கள். அந்த வருஷம் கணக்கெடுப்பே நடக்கவில்லை. குடும்பம் பற்றிய அத்தியாயத்திலும் ஒரு சோதனை உண்டு. இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-இலேயே சட்டம் செய்தது, 2005-இல் அது நாடு முழுக்க வந்தது. பெண்ணுக்குச் சீதனம் மட்டும்தான் என்கிற தொனியில் எழுதியிருந்தால் அந்தப் பக்கம் எப்போது எழுதப்பட்டது என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

காசு விஷயத்துக்கு வருவோம். ஆங்கிலத்தில் படிக்க முடிந்தவர்களுக்கு நான் முதலில் சொல்வது மத்திய அரசின் என்சிஇஆர்டி நிறுவனம் வெளியிடும் பள்ளிப் பாடநூல்கள். அடிப்படைக் கருத்துகளுக்குப் பதினோராம் வகுப்பின் 'இன்ட்ரொட்யூசிங் சோஷியாலஜி', சாதி, பழங்குடி, குடும்பம் எல்லாவற்றுக்கும் பன்னிரண்டாம் வகுப்பின் 'இண்டியன் சொசைட்டி'. இணையத்தில் இலவசம், அச்சுப் பிரதி இரண்டையும் வாங்கினாலும் ஒரு பிரியாணிக் காசுதான். பள்ளிப் புத்தகம் என்று முகம் சுளிப்பவர்கள் ஓர் அத்தியாயம் படித்துவிட்டுச் சுளிக்கட்டும். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தின் இணையப் பாடநூல் திட்டமான ஓப்பன்ஸ்டாக்ஸ் தரும் அறிமுக நூலும் இலவசம்தான், மூன்றாம் பதிப்பு 2021. எடுத்துக்காட்டெல்லாம் அந்த ஊர் சங்கதி. ஆகவே சமூகமயமாதல், பிறழ்நடத்தை மாதிரி அத்தியாயங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் இருப்பவர்கள் திருவல்லிக்கேணி பாரதி சாலைப் பழைய புத்தகக் கடைகளையும் ஒரு நடை பார்க்கலாம். விலையைக் கேட்குமுன் சிலபஸோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஐந்தில் நாலு யூனிட் இருந்தால் போதும்.

விட்டுப்போன யூனிட்டுக்கு இன்னொரு புத்தகம் வாங்க வேண்டாம், நூலகப் பிரதியிலிருந்து அந்த அத்தியாயத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுங்கள். டெல்லி பல்கலைக்கழகத்து ஜெராக்ஸ் கடை மீது பெரிய பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில், கற்பித்தலுக்குத் தேவையான பகுதிகளை நகலெடுத்துத் தொகுப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது என்று 2016-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. எந்த அத்தியாயம் என்று உங்கள் ஆசிரியரிடமே குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.