லிக்னோகைன் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் கேஷுவால்டியில் ஒரு ஹவுஸ் சர்ஜன், காயத்தை மரக்க வைக்கும் லிக்னோகைன் ஊசி போட்டுத் தையல் போட்டுக்கொண்டிருந்தார். "எவ்வளவு மருந்து போட்டீங்க தம்பி?" என்று கேட்டேன். "ஒரு 10 மில்லி இருக்கும் மேடம்" என்றார். எத்தனை சதவீதம் என்றதும் குப்பியைத் தேட ஆரம்பித்தார். அந்த வயதில் நானும் இப்படித்தான் பதில் சொன்னேன், அதற்கான விலையை ஒரு குழந்தை கொடுக்க இருந்தது. ஊசியைப் பின்னிழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்ப்பது, காலாவதித் தேதி பார்ப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மில்லியில் கணக்குச் சொல்வது

லிக்னோகைனின் உச்ச அளவு உடல் எடையைப் பொறுத்தது. வெறும் மருந்து என்றால் கிலோவுக்கு 3 மில்லிகிராம், ரத்தக்குழாயைச் சுருக்கும் அட்ரினலின் கலந்தது என்றால் 7. வெறும் மருந்துக்கு 4.5 வரை போகலாம் என்றும் நூல்களில் இருக்கிறது. நான் 3 என்றுதான் சொல்லிக்கொடுக்கிறேன். குப்பியில் அச்சிட்டிருப்பதோ சதவீதம். அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு பூஜ்யம் போடுங்கள், ஒரு மில்லியில் எத்தனை மில்லிகிராம் என்று வந்துவிடும். 2 சதவீதம் என்றால் 20. 60 கிலோ ஆளுக்கு 180 மில்லிகிராம், அதாவது வெறும் 9 மில்லி. நாம் சர்வசாதாரணமாகக் கையில் எடுக்கும் 30 மில்லி குப்பியில் 600 மில்லிகிராம் இருக்கிறது!

என்னிடம் வந்த குழந்தைக்கு 12 கிலோ எடை. சைக்கிள் சக்கரத்தில் கால் மாட்டிக் குதிகால் கிழிந்திருந்தது. 2 சதவீத மருந்தில் 2 மில்லி போட்டேன். அழுகை நிற்கவில்லை, இன்னும் 2. அப்புறம் ஒரு மில்லி. மொத்தம் 100 மில்லிகிராம். அவனுக்குப் போட்டிருக்க வேண்டியது 36, இரண்டு மில்லிகூட இல்லை. கொஞ்ச நேரத்தில் அவன் அம்மா, "இவ்வளவு நேரம் கத்தினான், இப்ப தூங்கிட்டான் டாக்டர்" என்றார். அப்பாடா என்று தையலைத் தொடர்ந்தேன். அது தூக்கம் இல்லை. முதலில் கண் இமை துடித்தது, பிறகு உடம்பு முழுக்க வலிப்பு. மயக்க மருத்துவர் ஓடிவந்து ஆக்சிஜன் வைத்து, வலிப்பை நிறுத்தும் மிடாசொலாம் போட்டு அவனை மீட்டார். என்ன நடந்தது என்று அந்த அம்மாவிடம் போய்ச் சொல்ல எனக்கு ஒரு மணி நேரம் ஆனது.

சோடியம் உள்ளே போகும் வழியை அடைத்துத்தான் இந்த மருந்து நரம்பை மரக்க வைக்கிறது. ரத்தத்தில் அளவு ஏறினால் மூளையிலும் இதயத்திலும் அதே வேலையைச் செய்யும். உதடு மரப்பது, வாயில் உலோகச் சுவை, காதில் இரைச்சல், பேச்சுக் குழறல் இவை முன் அறிகுறிகள். பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள், குழந்தை சொல்லாது. எனக்கு இன்றும் கோபம் வருவது இதற்குத்தான்: எடை பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது, அதைச் செய்ய மாட்டேன் என்கிறார்கள்.

காயம் பெரிதாக இருந்தால் 2 சதவீத மருந்தோடு சம அளவு சலைன் சேர்த்து 1 சதவீதமாக்குங்கள். அதே மில்லிகிராமில் இரண்டு மடங்கு இடம் மரக்கும். 10 சதவீத ஸ்பிரே ஒரு அழுத்தலுக்கு 10 மில்லிகிராம், அதையும் கணக்கில் சேருங்கள். நஞ்சேறினால் ரத்தக்குழாயில் ஏற்றும் கொழுப்புக் கலவையான 20 சதவீத லிப்பிட் எமல்ஷன், முதலில் கிலோவுக்கு 1.5 மில்லி. உங்கள் வார்டில் அது எந்த அலமாரியில் இருக்கிறது என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள்.

சீழ் கட்டிய இடத்திலேயே குத்துவது

மருந்து நரம்புக்குள் நுழைய அதன் மின்னேற்றமில்லாத வடிவம் வேண்டும். சீழ் உள்ள திசுவில் அமிலத்தன்மை அதிகம், அங்கே அந்த வடிவம் குறைந்துவிடும். மரக்கவில்லையே என்று இன்னும் இன்னும் ஏற்றி, மேலே சொன்ன தவறிலேயே போய் விழுகிறோம். கட்டியைச் சுற்றி, நல்ல தோலில் போடுங்கள். முடிந்தால் அந்தப் பகுதிக்குப் போகும் நரம்பை, கட்டியிலிருந்து தள்ளி உள்ள இடத்தில் மரக்கச் செய்யுங்கள்.

போட்ட கையோடு வெட்டுவது

5 நிமிடம் பொறுங்கள்.

எந்தக் குப்பி என்று பார்க்காமல் எடுப்பது

அட்ரினலின் கலந்ததும் கலக்காததும் ஒரே ட்ரேயில் கிடக்கும். இதயத்தின் கீழறை தறிகெட்டு வேகமாகத் துடிக்கும் வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியாவுக்கு ரத்தக்குழாயில் ஏற்றுவதும் இதே லிக்னோகைன்தான், கிலோவுக்கு 1 முதல் 1.5 மில்லிகிராம். அவசரத்தில் அட்ரினலின் குப்பி கைக்கு வந்தால், அடங்க வேண்டிய இதயத்தை இன்னும் விரட்டிவிடுவோம். விரலுக்கு அட்ரினலின் கூடவே கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ரத்த ஓட்டம் நன்றாக உள்ள விரலில் பயமில்லை என்று இப்போது தெரிகிறது. ஆனாலும் கை பழகும்வரை வெறும் மருந்தே போடுங்கள்.

"அலர்ஜி" என்றதும் அப்படியே எழுதிவிடுவது

லிக்னோகைனுக்கு உண்மையான ஒவ்வாமை மிக அரிது. பல் பிடுங்கும்போது படபடப்பு வந்தது என்றால் பெரும்பாலும் அது அட்ரினலினால் வந்தது, இல்லையென்றால் பயத்தில் வந்த மயக்கம். தடிப்பு வந்ததா, மூச்சுத் திணறியதா என்று உட்கார்ந்து கேளுங்கள். கெடாமல் இருக்கக் குப்பியில் சேர்க்கும் மெத்தில்பாரபென் காரணமாகவும் ஒவ்வாமை வரலாம், லேபிளைப் படியுங்கள்.

ஜெல்லி தடவியதும் கத்தீட்டர் விடுவது

லிக்னோகைன் ஜெல்லி மரக்க வைக்கும் முன்பே சிறுநீர்க் குழாயை விட்டால் அது வழுக்க மட்டும்தான் உதவும், வலி அப்படியே இருக்கும்.